ட்ராக்கில் 80 கிலோமீற்றர், ட்ராக்குக்கு 700: பழைய காரை மட்டக்களப்பிலிருந்து எப்படிக் கொண்டுபோவது?

சென்ற மாதம் ஒரு கிழமைக்குள் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் மட்டக்களப்பு டவுனில் இருப்பவர். வைத்திருப்பது ஹொண்டா சிவிக் ஈஜி6. மற்றவர் கல்முனைத் தம்பி. அவரிடம் டொயோட்டா ஸ்டார்லட் டர்போ, ஈபி82. இரண்டும் முப்பது வயதுக் கார்கள். "அண்ணன், கட்டுகுருந்தவுக்கு எடுத்துப் போய் ட்ராக்கில ஒருநாள் ஓட வேணும். காரை அப்படியே வச்சிருக்கிறதா, கொஞ்சம் மாத்துறதா, முழுசா உரிச்சு ட்ராக் கார் ஆக்குறதா?"

இதே கேள்வியைக் கொழும்பில் ஒருவர் கேட்டால் விடை வேறு. களுத்துறைக்குப் பக்கத்திலுள்ள கட்டுகுருந்த ட்ராக் அவருக்கு ஒரு மணித்தியாலத் தூரம். நமக்கு மட்டக்களப்பிலிருந்து கொழும்பே 300 கிலோமீற்றருக்கு மேல். களுத்துறைப் பக்கம் போக இன்னும் நாற்பது சொச்சம். போய்வர ஏறக்குறைய 700. அங்கே போய் ஓடுவதோ இருபது நிமிஷம் வீதம் நாலு செஷன். மிஞ்சினால் 80 கிலோமீற்றர். பன்னல ட்ராக் என்றால் கொஞ்சம் கிட்ட, ஆனாலும் போய்வர 500 தாண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் அறிவுரை எதுவும் இந்தக் கணக்கை வைத்துச் சொல்லப்பட்டதல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ட்ராக் டே என்பது ரேஸ் இல்லை. யாரையும் முந்திக் கோப்பை வாங்கப் போவதில்லை. மூடிய தடத்தில் உங்கள் காரை உங்கள் அளவுக்கு ஓட்டிப் பார்ப்பதுதான். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் மாதிரி மண் தடப் போட்டிகளுக்குக் காரைத் தயார் செய்வது வேறு கதை. அது இங்கே வராது.

எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, கார் எப்படிப் போகும், எப்படித் திரும்பும்? ஓட்டிக்கொண்டா, லொறியில் ஏற்றியா? இதற்கு விடை வந்தால் பாதித் தீர்மானம் முடிந்தது.

அடுத்தது, வருடத்தில் எத்தனை தரம் போவீர்கள்? நேர்மையாகச் சொல்லுங்கள். லீவு, கலியாண வீடு, மழை எல்லாம் கழித்தால் நம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு, கூடினால் மூன்று. அப்புறம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் இதே கார்தானா? ஒரு சாமான் உடைந்தால் எங்கே தேடுவீர்கள்? கடைசியாக, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி இந்த மூன்றும் மாற்றத்துக்குப் பிறகும் தாக்குப்பிடிக்குமா?

ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. இந்த மாத விலை அடுத்த மாதம் இருப்பதில்லை.

எந்த வழி போனாலும் முதலில் ஸ்க்ரூ ட்ரைவர்

நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடிப் பக்கம் வீட்டு முற்றத்தில் பத்து வருடம் நின்ற கார் வெளியே பளபளக்கும், உள்ளே கரைந்திருக்கும். ஈஜி சிவிக்கில் பின் சில்லுக்கு மேலுள்ள வளைவும் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியும்தான் முதலில் போகும். என் காரில் ஜக் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ ட்ரைவரை வைத்து லேசாகத்தான் குத்தினேன். ஊறின பலகைக்குள் போவது போல உள்ளே போய்விட்டது. மேலே பூசியிருந்த கறுப்புப் பெயின்ட்தான் அதுவரை அதைத் தாங்கிக்கொண்டிருந்தது போல. அந்த இடத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் ஜக்கில் தூக்கியிருக்கிறேன்.

மாரியில் வெள்ளம் ஏறின காராக இருந்தால் சில்லு பெயரிங்கையும் பாருங்கள். துரு பிடித்த பொடிக்குச் செலவழிக்க வேண்டியது வெல்டிங்குக்கு மட்டும்தான். அது முடியும்வரை கொயிலோவர் (உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்ப்ரிங், ஷொக் செட்) பற்றிப் பேச வேண்டாம்.

வழி 1: அப்படியே வைத்து, ஒழுங்காகப் பராமரிப்பது

கேட்க உப்புச்சப்பில்லாத வழி. ஆனால் முதல் வருடத்துக்கு இதைவிட நல்லது இல்லை என்றே நினைக்கிறேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ட்ராக்கில் தோற்பது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, சூட்டில். ஈஜி6இன் பி16ஏ என்ஜின் 1.6 லீற்றரில் 170 குதிரைவலு தருகிறது. கார் ஒரு தொன்னுக்குச் சற்று மேல். புதிதாக ட்ராக்கில் இறங்கும் ஒருவருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆனால் அதே காரின் ரேடியேட்டர் பழையது, ஹோஸ் பழையது, பிரேக் ஒயில் எப்போது மாற்றியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

என் முதல் ட்ராக் நாளில் இரண்டாவது செஷன், மூன்றாவது சுற்று. நேர் வீதியின் முடிவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போனது. பயத்தில் இரண்டு தரம் பம்ப் பண்ணி, கியரைக் குறைத்து, புல்லுக்குள் இறங்கித்தான் நின்றேன். பிட்டில் பிரேக் கலிப்பரில் ஒயில் வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தபோது வந்த பிரேக் ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. புதிது இளந்தேன் நிறத்தில்தான் இருக்கும்.

காரணம் எளிது. டொட் 3, டொட் 4 வகைப் பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. அதனால்தான் பெடல் கீழே போகிறது. வாவியோரக் காற்றில் ஒயில் பழசாவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டொட் 5.1 வாங்கினால் எல்லை இன்னும் மேலே போகும். டொட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கன். அதை மற்றதோடு கலக்கவே கூடாது.

ஆகவே இந்த வழியில் செய்வது: பிரேக் ஒயில் முழுதாக மாற்றுவது, வீதிக்கான நல்ல பிரேக் பாட் (ஸ்ட்ரீட் பாட்), டைமிங் பெல்ட்டும் வோட்டர் பம்பும் (பி16 என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும்), ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும், தண்ணீருக்குப் பதில் கூலன்ட். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே 35 பாகையில் நின்று ஓடப் பழகிய காருக்குக் களுத்துறைக் கடற்காற்று கொஞ்சம் ஆறுதல்தான். ஆனாலும் என்ஜின் 8,000 சுற்றில் நிற்கும்போது அந்த ஆறுதல் போதாது. என்ஜின் ஒயிலை மேல் கோட்டில் வையுங்கள், ஒவ்வொரு செஷனுக்கும் பிறகு இழுத்துப் பாருங்கள். நீண்ட வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்புக்குக் காற்றுப் போனால் பெயரிங் அந்த இடத்திலேயே முடிந்தது.

டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். 2317 என்றால் 2017இன் 23ஆவது கிழமை. பூ இருக்கிறதே என்று அதை ட்ராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். ரப்பர் இறுகியிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு: சின்னச் சின்ன சாமான்கள். ஹோஸ் ஒன்று, சீல் ஒன்று, புஷ் ஒன்று என்று பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருக்கும். கொழும்பில் பழைய சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடி, பஸ்ஸில் போட்டு அனுப்பிவைக்கச் சொல்லி, வந்தது வேறு மொடல் என்று திருப்பி அனுப்பி… காசைவிட நாள்தான் கூடப் போகும்.

யாருக்கு இது: முதல் தடவை போகிறவருக்கு, வீட்டில் ஒரே கார் இதுதான் என்பவருக்கு.

வழி 2: பாதி மாற்றம், ஆனால் ஓட்டியே போவது

இங்கேதான் அதிகம் பேர் காசைத் தொலைக்கிறார்கள். பாதி மாற்றம் தப்பு என்பதால் இல்லை. எந்தப் பாதி என்று யோசிக்காததால்.

எங்கள் வயதான மெக்கானிக் ஒருவரிடம் பெரிய எக்ஸோஸ்ட் போடக் கேட்டபோது சொன்னார்: "மனே, ஓடுற சாமானப் பிறகு பாப்பம். முதல்ல நிப்பாட்டுற சாமானப் பாரு."

அப்படியானால் ரேஸ் பாட் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ரேஸ் பாட் சூடானால்தான் பிடிக்கும். குளிர்ந்திருக்கும்போது முதல் மிதியில் வழுக்கும். ட்ராக்கில் ஒரு சுற்றில் சூடாகிவிடும். திரும்பி வரும்போது ஹபரணைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில், இரவு பதினொரு மணிக்கு, அரை மணித்தியாலமாகப் பிரேக்கே தொடாமல் வந்தபின் யானை ஒன்று வீதிக்கு ஏறினால்? பாட் சூடாகும்வரை அது காத்திருக்காது. ஓட்டியே போகிற காருக்கு ஸ்ட்ரீட்டுக்கும் ட்ராக்குக்கும் இடைப்பட்ட பாட்தான் சரி. ரேஸ் பாட்தான் வேண்டும் என்றால் ட்ராக்கில் மாற்றி, கிளம்புமுன் பழையதைத் திருப்பிப் போடுங்கள். ஈஜியில் முன் இரண்டு சில்லுக்கும் பழகிய கைக்கு முக்கால் மணித்தியாலம் போதும்.

அம்பாறைப் பக்கத்தவர்கள் மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறுவார்கள். போகும்போது பதினெட்டு வளைவு ஏற்றம், வரும்போது இறக்கம். ட்ராக்கில் ஒருதரம் கொதித்த பிரேக் ஒயிலோடு அந்த இறக்கத்தில் இறங்க வேண்டாம். ஒரு போத்தல் புதிய ஒயில், ஒரு ரப்பர் ட்யூப், 10 எம்எம் ஸ்பேனர். கிளம்புமுன் அரை மணித்தியாலம் செலவழித்து, பழைய ஒயிலை வெளியேற்றிப் புதியதை ஏற்றி ப்ளீட் பண்ணுங்கள்.

அடுத்தது கொயிலோவர். காரை நிலத்தோடு படுக்க வைப்பதற்காக வாங்குவது என்றால் வேண்டாம். இரண்டு விரல் இறக்கம் போதும். ஸ்ப்ரிங் வெட்டுவதை இன்னமும் சிலர் செய்கிறார்கள். அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. முன் சில்லுகளை உள்நோக்கிச் சாய்த்தால் வளைவில் டயர் நன்றாகப் பிடிக்கும், உண்மை. இரண்டரைப் பாகை சாய்த்து 700 கிலோமீற்றர் நேர் வீதியில் ஓடிப் பாருங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்துவிடும். ஒன்றரையோடு நிறுத்துவது நம் தூரத்துக்கு ஒத்துவரும். ஈஜியில் முன்பக்கம் இதைக் கூட்டிக் குறைக்க கம்பனி வழி எதுவும் இல்லை, தனிக் கிட் தேவை. அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செமி ஸ்லிக் டயருக்கு (பூ குறைந்த ட்ராக் டயர்) ஆசைப்படுகிறவர்கள் அதை இரண்டாவது ரிம் செட்டில் போட்டுக் காருக்குள் ஏற்றிப் போகலாம். பின் சீட்டை மடித்தால் மூன்று, முன் சீட்டில் ஒன்று. துணைக்கு வருகிறவர் பஸ்ஸில் வரவேண்டியதுதான். அதே டயரில் ஓட்டிப் போய், பொலன்னறுவையில் மழை பிடித்தால் கார் தண்ணீரில் மிதக்கும்.

பாதி மாற்றத்தில் உயிருக்கே ஆபத்தான ஒன்று இருக்கிறது. ரோல் பார் (கூரை அமுங்காமல் தாங்கும் இரும்பு வளைவு) இல்லாத காரில் நாலு முனை ஹார்னஸ், அதாவது இரு தோளையும் இறுக்கும் ரேஸ் பெல்ட், போடுவது. கார் உருண்டு கூரை அமுங்கும்போது சாதாரண பெல்ட்டில் இருப்பவர் ஒரு பக்கம் சரிய இடமிருக்கும். ஹார்னஸ் நிமிர்த்தியே வைத்திருக்கும். மறுபுறம், ரோல் கேஜ் (முழு இரும்புக் கூடு) போட்ட காரை ஹெல்மட் இல்லாமல் வீதியில் ஓட்டினால் சின்ன மோதலிலும் தலை இரும்பில் அடிபடும். இரண்டையும் அரைகுறையாகச் செய்வதைவிட ஒன்றும் செய்யாமல் விடுவது மேல்.

என்ஜினைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. டர்போ ஸ்டார்லட் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 1.3 லீற்றரில் 135 குதிரைவலு. அதில் பூஸ்ட்டை (டர்போவின் காற்றழுத்தத்தை) ஏற்றி, 92 ஒக்டேன் அடித்து, சூடான நாளில் ஓடினால் பெற்றோல் நேரம் தப்பி வெடித்து என்ஜின் தட்டும். ஜப்பானில் பிரீமியம் பெற்றோல் என்பது அவர்களின் தரப்படி 96க்கு மேல். நமக்குப் பொதுவாகக் கிடைப்பது 95, அதுவும் வழியிலுள்ள எல்லா ஷெட்டிலும் இருக்காது. பெரிய என்ஜின் மாற்றிப் போட்டால் வாகனப் பதிவிலுள்ள என்ஜின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும். செய்யாமல் ஓட்டுகிறவர்கள் செக் பொயின்ட்டில் மாட்டும் வரைதான் சந்தோஷமாக இருப்பார்கள்.

யாருக்கு இது: இரண்டு மூன்று தரம் போய்வந்து, தன் கார் எங்கே குறைகிறது என்று கண்டவருக்கு.

வழி 3: முழு ட்ராக் கார்

சீட், கார்பெட், ஏசி எல்லாம் கழற்றி, ரோல் கேஜ், பக்கெட் சீட், ஹார்னஸ், தீயணைப்பான், செமி ஸ்லிக். பாதுகாப்பில் இதுதான் மேல், ஒழுங்காகக் கட்டினால். ஆனால் இந்தக் காரை மட்டக்களப்பிலிருந்து ஓட்டிப் போக முடியாது. கார் கெரியர் லொறி வேண்டும், அல்லது ட்ரெய்லரும் இழுக்க டபுள் கெப்பும் வேண்டும். ஒவ்வொரு ட்ராக் நாளும் 700 கிலோமீற்றர் லொறிக் கூலியோடுதான் தொடங்கும். வருடத்துக்கு மூன்று தரம் போகிறவருக்கு, இரண்டு வருடக் கூலியில் என்ஜின் ஓவரோல் முடிந்திருக்கும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத நட்டம் ஒன்றும் இருக்கிறது. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்தாலும் வருவது புதுசும் அண்மைக்கால மொடல்களும்தான். 1990களின் ஈஜி6 இனிக் கப்பலில் வராது. நாட்டிலிருக்கும் ஒரு முழுப் பொடியை வெட்டினால் அது வெட்டினதுதான். கழற்றிய டாஷ்போர்டையும் சீட்டையும் வெயில் படாமல் வைக்க ஓர் அறை ஒதுக்குகிறவர்தான் இந்த வேலையைத் தொடங்கலாம்.

ஒரு சூழ்நிலையில் மட்டும் இந்த வழி மற்ற இரண்டையும் வெல்கிறது: கார் மேற்கிலேயே நிற்பது. பாணந்துறையிலோ களுத்துறையிலோ சொந்தக்காரர் வீடு, பூட்டக்கூடிய கராஜ். நீங்கள் இரவு பஸ்ஸில் போய் இறங்கலாம். பிரச்சினை, கார் உங்கள் கண்ணில் படாமல் நிற்கும். பெட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும், அங்கேயும் கடற்காற்றுத்தான்.

வழி 4: காரை வீட்டில் விட்டுவிடுவது

பண்டாரகமவில் கார்ட்டிங் தடம் இருக்கிறது. ட்ராக் டேயில் கற்கும் முக்கால்வாசியை, பிரேக் எங்கே, திருப்பம் எங்கே, எக்ஸிட்டில் எப்போது மிதிப்பது என்பதை, அங்கே சொந்தக் காரைச் சூடாக்காமல் கற்கலாம். இன்னும் ஆசை இருந்தால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீற்றர் முழுத் தடம் இருக்கிறது. இது கார் பைத்தியத்தைத் தீர்க்காது என்பது எனக்கும் தெரியும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பராமரிப்பு மட்டும் | பாதி மாற்றம் | முழு ட்ராக் கார் |
|---|---|---|---|
| ட்ராக்குக்குப் போவது | ஓட்டியே | ஓட்டியே, டயர் காருக்குள் | லொறி அல்லது ட்ரெய்லர் |
| நாளாந்தப் பாவனை | முடியும் | முடியும், இடுப்பு வலிக்கும் | முடியாது |
| திரும்பி வரும் நம்பிக்கை | அதிகம் | தேர்வைப் பொறுத்தது | லொறியில் நிச்சயம் |
| புகைப் பரிசோதனை, பொலிஸ் | தொல்லை இல்லை | எக்ஸோஸ்ட், லைட்டைத் தொடாவிட்டால் இல்லை | வீதிக்கு வராவிட்டால் இல்லை |
| எதிர்பாராத செலவு | ஹோஸ், சீல், புஷ் | டயர், அலைன்மென்ட் | ஏற்றுக்கூலி, காரின் மதிப்பு |

காப்புறுதிக்கு ஒரு வரிசை போடவில்லை, ஏனென்றால் மூன்றுக்கும் விடை ஒன்றுதான். பொதுவாக மோட்டார் காப்புறுதிப் பத்திரங்கள் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றை விலக்கித்தான் எழுதப்பட்டிருக்கும். தடத்தில் சுவரில் இடித்தால் செலவு உங்கள் பொக்கெட்டிலிருந்துதான். "இந்தக் கார் நாளைக்கு இல்லாமல் போனால் தாங்குவேனா?" என்று போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்க முடியாத காரைக் கொண்டுபோக வேண்டாம். ஹெல்மட்டும் பார்த்து வாங்குங்கள். ஸ்னெல் (ஹெல்மட் தரச் சான்று) ஸ்டிக்கரில் 'எஸ்ஏ' என்று இருப்பது காருக்கு, உள்துணி தீயைத் தாங்கும். 'எம்' என்பது மோட்டார் சைக்கிளுக்கு.

இரண்டு பேருக்கும் சொன்னது

கல்முனைத் தம்பிக்குப் பாணந்துறையில் மாமா ஒருவர் இருக்கிறார், கராஜும் இருக்கிறது. அவர் மூன்றாவது வழியை யோசிக்கலாம் என்றேன், ஆனால் இந்த வருடம் இல்லை. முதலில் பூஸ்ட்டைக் கம்பனி அளவுக்கு இறக்கி, 95 அடித்து, ஒருதரம் அப்படியே ஓடிப் பார்க்கட்டும். அவருக்கு முகம் வாடிவிட்டது. பெரிய டர்போ ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறாராம்.

ஈஜி6காரருக்கு முதல் வழிதான் என்று தயங்காமல் சொன்னேன். வீட்டில் அது ஒன்றுதான் கார், மகளுக்கு ஐந்து வயது. கொயிலோவருக்கு வைத்திருந்த காசில் பாதியை ரேடியேட்டருக்கும் பெல்ட்டுக்கும் டயருக்கும் போடச் சொன்னேன். மீதியைத் திரும்பி வரும் வழியில் ஏதாவது உடைந்தால் கெரியர் லொறிக்கு வைத்திருக்கச் சொன்னேன்.

நேற்றிரவு ஒரு படம் அனுப்பியிருந்தார். சோடாப் போத்தலுக்குள் பழைய பிரேக் ஒயில், அதே பிளேன்டீ நிறம். முன் இரண்டும் ப்ளீட் பண்ணியாயிற்றாம். பின் இடப்பக்க நிப்பிள் துருவில் இறுகி, ஸ்பேனர் வைத்தவுடன் கழுத்தோடு முறிந்துவிட்டதாம். காலையிலிருந்து கலிப்பர் தேடிப் பஞ்சிகாவத்தைக்கு ஒவ்வொரு கடையாகப் போன் எடுத்துக்கொண்டிருக்கிறார்.